ஏணையும் ஆசனமும்: தீவகத்தில் வழிவந்த பொருளை ஏற்கும் மரபு

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாட்டின் வயதைப் பல்லால் அறியலாம் என்பது உழவர் யாவரும் அறிந்ததே. சந்தையிலே பணங் கொடுத்து வாங்குபவன் பல்லைப் பார்த்த பின்னரே விலை பேசுவான். ஆனால், அன்பினால் ஒருவர் தரும் மாட்டை அவ்வாறு சோதித்தல் கொடுத்தவரின் மனத்தைப் புண்படுத்தும். உறவு முறிந்துவிடாதிருத்தற் பொருட்டு எழுந்த பழமொழி இது எனலாம். மாடு கிழமாயிருப்பினும் பெற்றவனுக்கு நட்டம் அதிகமில்லை என்னும் எண்ணமும் இதனுள் அடங்கியுள்ளது.

பெறும் பொருள் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் பொருளாயின் இப்பழமொழி பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாவாகும். மோட்டார் வாகனத்திற் குழந்தையை இருத்திக் கட்டும் பாதுகாப்பு ஆசனம் இன்று புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் கைமாறும் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. மாமன் பிள்ளைக்கு வாங்கியது மருமகனுக்கு வருகிறது. அயலவர் பிள்ளை வளர்ந்ததும் அவருடைய ஆசனம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அதனை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய நிலையிற் பெற்றோர் நிற்கின்றனர். இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

தீவகமும் வந்தடைந்த பொருள்களும்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு முதலிய ஊர்களை உள்ளடக்கிய தீவகம், வேண்டும் பொருள்களிற் பெரும்பாலானவற்றைக் கடல் வழியாகவே பெற்றுவந்தது. பனையும் மீனும் உள்ளூரில் உண்டு. ஏனையவற்றை ஏற்றி இறக்க வேண்டும். ஆதலால், வந்து சேர்ந்த பொருளை எளிதிற் கழித்துவிடும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை.

விபத்துக்குள்ளான கலத்தின் பொருளை எவ்வாறு நடத்துவது என்பதைக் கூறும் பழைய சாசனமொன்றும் இத்தீவகத்திலேயே கிடைத்துள்ளது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியுள்ளது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. அரசனுக்காக யானை, குதிரை ஏற்றிவந்த கலங்கள் உடையுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியவை உடையவனுக்கும் உரியன. வாணிகக் கலம் உடையின் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்பது அவ்வாணையின் சாரம். உடைந்த கலத்தின் பொருள் யாருக்குரியது என்பதை அரசாணை தெளிவாக வரையறுத்தது. அப்பொருள் மீண்டும் பயன்படத் தக்கதா என்பதை ஆராய்தல் பெறுபவன் பொறுப்பாகவே விடப்பட்டது. ஆசனத்தைப் பெறும் பெற்றோரின் நிலையும் இதுவே.

அவ்வாராய்ச்சியைத் தீவக மக்கள் தம் தொழில்களில் நன்கு பயின்றிருந்தனர். பழைய வீட்டைப் பிரித்தெடுத்த பனந் தீராந்தியையும் சிலாகையையும் புது வீட்டுக்குக் கொள்ளுமுன் தட்டிப் பார்ப்பர். உளுத்த மரத்தின் ஓசை வேறு, வைரம் பாய்ந்த மரத்தின் ஓசை வேறு. பழைய வள்ளத்தை வாங்குவோர் அதனைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பலகைப் பொருத்துகளைத் தடவிப் பார்ப்பர். கலப்பற்று விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும், இற்ற பலகை கத்தி முனைக்கு இளகும். அந்த வள்ளம் எந்தப் பாரில் மோதியது, யார் கையில் இருந்தது என்பதும் துறையிலுள்ளோர் அனைவருக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எனவே, பழம்பொருளை ஏற்பதற்கு இரு பிடிகள் இருந்தன: ஒன்று பொருளே காட்டும் அடையாளம், மற்றையது அதன் வரலாற்றை அறிந்தவர் கூற்று.

ஏணை

குழந்தைக்குரிய பொருள்களில் இம்மரபு இன்னும் நெருக்கமாக விளங்கியது. யாழ்ப்பாணத்துக் குழந்தை முதலிற் கிடப்பது ஏணையிலாகும். தாயினதோ பேர்த்தியாரினதோ பழைய பருத்திச் சேலையை வளையிற் கட்டித் தொங்கவிட்டு ஏணை அமைப்பர். இதற்குப் புதுச் சேலையை எவரும் தேடுவதில்லை. பலமுறை தோய்த்து வெளுத்த துணியே பிறந்த பிள்ளையின் மேனிக்கு இதமானது. இங்கு பழமை ஒரு குறையன்று. அதுவே வேண்டப்படும் குணமாகும். தமையன் படுத்த தொட்டிலும், தமக்கை தள்ளிய நடைவண்டியும், மூத்தவர் அணிந்த பஞ்சாயுதமும் இளையவருக்கு வந்தன. இவற்றை ஏற்பது வறுமையின் அடையாளமாகக் கருதப்படவில்லை. குடும்பத்தின் வாழ்வு தொடர்கின்றது என்பதற்கு அவை சான்றாயின.

எனினும், ஏணை கட்டுவோர் ஒன்றை மறவார். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை விட்டிருக்கின்றதா எனப் பார்ப்பர். கட்டிய பின்னர் கையை ஊன்றி அமுக்கிப் பார்த்தே பிள்ளையை வளர்த்துவர். பாட்டியின் சேலை என்னும் அன்பு ஒருபுறம் இருக்க, சோதனை மறுபுறம் நடைபெற்றது. அதனை எவரும் அவமதிப்பாகக் கொண்டதில்லை.

பழைய வாகனங்களின் நாடு

பண்ணைத் தாம்போதியும் வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியும் தீவகத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாண நகரோடு தரைவழியாகத் தொடுத்தன. புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானோடு தெரு முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகேற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே வாகனங்களைக் கடத்துவது பாதை எனப்படும் மிதவையாகும்.

இத்தெருக்களில் ஓடிய மோட்டார் வாகனங்களும் பெரும்பாலும் கைமாறி வந்தவையே. 1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு அந்நியச் செலாவணியைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு மோட்டார் வாகன இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஆதலால் 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய கார்கள் பல பத்தாண்டுகள் பேணப்பட்டன. 1977இன் பின்னர் யப்பானிலிருந்து ‘ரீகண்டிசன்’ வாகனங்கள் வரத் தொடங்கின. அவையும் பிறர் பாவித்தவையே. 1990களில் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட காலத்திற் பழைய கார்களைச் சிறிதளவு பெற்றோலினால் இயக்கித் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய திறமை யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்தது. பழுதான எதனையும் திருத்தலாம் என்னும் நம்பிக்கை இவ்வனுபவத்தால் உறுதிபெற்றது. அது போற்றத்தக்க நம்பிக்கையே. ஆயினும், திருத்த முடியாத பொருளும் உண்டு என்பதை அது மறக்கச் செய்தது.

அக்கார்களில் ஆசனப் பட்டி இருக்கவில்லை. குழந்தை தாயின் மடியில் இருந்தது. மாட்டுவண்டியிலும் மடியே இடம். வள்ளத்திலும் மடியே இடம். மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஒன்று உண்டு என எவரும் எண்ணியிலர். மாட்டுவண்டி மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகவும் கார் 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகவும் கொள்வோமாயின், வேகம் பத்து மடங்கு. மோதலின்போது வெளிப்படும் இயக்கச் சத்தியோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நூறு மடங்கு. 50 கிலோமீற்றர் வேகத்திற் சென்ற வாகனம் செக்கனில் பத்திலொரு பங்கு நேரத்தில் நிற்குமாயின், 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தையைப் பிடித்து வைத்திருப்பதற்கு ஏறத்தாழ 140 கிலோகிராம் எடையைத் தாங்குவதற்கொப்பான விசை வேண்டும். எந்தத் தாயின் கையும் அதற்குப் போதாது. மடி மாறவில்லை; வேகம் மாறிவிட்டது.

ஆசனத்தின் வரலாறு

மேனாடுகளிலும் இவ்வுண்மை மெதுவாகவே உணரப்பட்டது. 1930களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட குழந்தை ஆசனங்கள் பிள்ளையை உயர்த்தி இருத்துவதற்கும், ஓட்டுபவர் பிள்ளையைப் பார்ப்பதற்குமே பயன்பட்டன. 1959இல் சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் மூன்று இடங்களிற் பொருத்தும் ஆசனப் பட்டியை உருவாக்கினார். 1960களின் முற்பகுதியில் பிரித்தானியாவில் ஜீன் ஏம்ஸ் என்பவரும் அமெரிக்காவில் லியனார்ட் றிவ்கின் என்பவரும் பாதுகாப்பையே நோக்காகக் கொண்ட ஆசனங்களை வடிவமைத்தனர். விண்வெளி வீரர்கள் புறப்படும் வேளையில் முதுகு தாங்கப் படுத்திருக்கும் நிலையைக் கண்ட சுவீடன் மருத்துவர் பேர்ட்டில் அல்ட்மான், குழந்தை பின்புறம் நோக்கி இருப்பின் மோதலின் விசை முதுகெங்கும் பரவும் எனக் கருதி, 1964இல் அத்தகைய ஆசனமொன்றின் மாதிரியை வெளியிட்டார்.

சட்டம் பின்னரே வந்தது. அமெரிக்காவின் முதலாவது குழந்தை ஆசன நியமம் 1971இல் நடைமுறைக்கு வந்தபோது மோதற் சோதனையைக் கோரவில்லை. அது 1981இலேயே கட்டாயமாயிற்று. குழந்தை ஆசனத்தைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னஸி ஆகும். குழந்தை மருத்துவர் றொபேட் சாண்டர்ஸ் அவர்களின் இடையறா முயற்சியால் அச்சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், பெரியவர் கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. தாயின் கைகளே பாதுகாப்பு என்னும் நம்பிக்கை அங்கும் அத்துணை ஆழமானது. அவ்விலக்கு 1981இல் நீக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டளவில் அமெரிக்க மாநிலங்கள் ஐம்பதிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 1976 சனவரி 1 முதல் ஆசனப் பட்டியை அந்நாட்டிலேயே முதன்முதலாகக் கட்டாயமாக்கியது.

1983ஆம் ஆண்டு வன்செயல்களும், 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கைகளும் பெருந்தொகையான மக்களை இடம்பெயரச் செய்தன. அவர்களுட் பலர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளைச் சென்றடைந்தனர். சட்டம் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த சமுதாயத்துள் அவர்கள் நுழைந்தனர். பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து காரில் வீட்டுக்குக் கொண்டு செல்வதற்கே ஆசனம் வேண்டும். கையிற் பணமில்லாத புதுக் குடும்பத்துக்கு முன் வந்தவர் ஒருவர் தம் பிள்ளையின் ஆசனத்தைக் கொடுப்பது இயல்பு. ஏணை கட்டப் பழஞ்சேலை கொடுத்த அதே அன்புதான் இங்கும் செயற்பட்டது.

பழமை குணமா, குறையா?

அன்பு ஒன்றே, பொருள் வேறு. பருத்தி பழையதாகும்போது மென்மை பெறுகின்றது. பிளாத்திக்கு பழையதாகும்போது வலிமை இழக்கின்றது. கோடை வெயிலில் மூடிய காரினுள் நிலவும் வெப்பமும் மாரியின் கடுங்குளிரும் அதனை மாறி மாறித் தாக்குகின்றன. பட்டிகள் தேய்கின்றன, பூட்டினுள் உணவும் அழுக்கும் படிகின்றன. இதனாலேயே உற்பத்தியாளர் பலர் ஆசனத்தின் பாவனைக் காலத்தைப் பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள் வரை எனக் குறித்து விடுகின்றனர்.

விபத்துக்குட்பட்ட ஆசனம் இதனினும் ஆபத்தானது. மோதலின் சத்தியைத் தான் உள்வாங்கிக் குழந்தையைக் காப்பதே ஆசனத்தின் தொழில். அவ்வாறு ஒருமுறை தொழிற்பட்ட பின்னர் அதன் ஓட்டிலே மயிரிழை வெடிப்புத் தோன்றியிருக்கலாம். உள்ளேயுள்ள ரெஜிபோம் நசுங்கியிருக்கலாம். பட்டியின் இழை நீண்டிருக்கலாம். மேலே போர்த்திய துணி இவையாவற்றையும் மறைத்துவிடும். பனஞ் சிலாகையைப் போல் தட்டிப் பார்த்து அறிய இயலாது. வள்ளத்தைப் போல் கவிழ்த்துப் பார்த்து அறியவும் இயலாது. மரபு தந்த இரு பிடிகளில் முதலாவது இங்கு தளர்ந்துவிடுகின்றது. வரலாற்றை அறிந்தவர் கூற்று என்னும் இரண்டாவதே எஞ்சியுள்ளது.

இக்காரணத்தாலேயே பிரித்தானியப் பாதுகாப்பு அமைப்புகள் பழைய ஆசனங்களைக் கடையிலோ விளம்பரத்திலோ கண்டு வாங்க வேண்டாம் என்றும், வரலாற்றைத் திட்டமாக அறிந்த குடும்பத்தவரிடமோ நண்பரிடமோ மட்டும் ஏற்கலாம் என்றும் அறிவுறுத்துகின்றன. உறவினர் என்பதற்காக ஆசனம் உறுதியானதாகிவிடாது. அதற்கு என்ன நேர்ந்தது என்பதை உள்ளபடி கூறத்தக்கவர் அவர் என்பதே உறவின் பயன்.

சான்றும் சாசனமும்

வரலாறு பயில்வோர் கண்டவர் கூற்றையும் கேட்டவர் கூற்றையும் வேறுபடுத்துவர். ஆசனத்தை ஏற்போரும் அவ்வாறே செய்தல் வேண்டும். புதிதாக வாங்கித் தாமே பாவித்த சகோதரியின் கூற்று கண்டவர் கூற்று. வேறொருவரிடம் பெற்று ஓராண்டு பாவித்த பின்னர் கொடுக்கும் மச்சானின் கூற்று பாதிக்குமேற் கேள்விச் செய்தியே. அவர் பொய்யுரைக்க மாட்டார். ஆனால் தமக்கு முன்னர் நடந்ததை அவரும் அறியார். வேலைத்தலத்து அறிமுகத்தினர் தரும் ஆசனத்துக்கும் இது பொருந்தும்.

வாய்ச் சான்றோடு எழுத்துச் சான்றும் உண்டு. ஆசனத்தின் அடியிலோ முதுகிலோ உற்பத்தி நாளும் மாதிரி இலக்கமும் நியம முத்திரையும் பொறித்த சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதுவே அப்பொருளின் சாசனம் எனலாம். சீட்டுக் கிழிந்திருப்பின் வயதை அறிய இயலாது. குறைபாடு காரணமாக நிறுவனம் மீளப்பெற்ற மாதிரிகளில் அதுவும் ஒன்றா என்பதையும் அறிய இயலாது. அத்தகைய ஆசனத்தை மறுப்பதே முறை.

எல்லை கடந்து வாழும் உறவுகளுக்கு இச்சீட்டு மேலும் இன்றியமையாதது. கனடாவிற் பாவிக்கப்படும் ஆசனத்தில் மேப்பிள் இலை அமைந்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இருத்தல் வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் வட்டத்துள் ஆங்கில எழுத்து ஈ அமைந்த முத்திரையும், ஐக்கிய நாடுகளின் 44ஆம் அல்லது 129ஆம் இலக்க ஒழுங்குவிதியும் குறிக்கப்பட்டிருக்கும். 44ஆம் விதியின் முதலிரு திருத்தங்களுக்கமைய ஆக்கப்பட்ட பழைய ஆசனங்கள் 2008 மே மாதத்தின் பின்னர் அங்கு ஏற்கப்படுவதில்லை. ஆகவே, நியூயோர்க்கிலுள்ள சிறிய தாயார் ரொறன்ரோவுக்கு அனுப்பும் ஆசனம் எவ்வளவு புதியதாயினும் அங்கு வாழும் குடும்பத்துக்குச் சட்டத்திற்கு உடன்பாடானதன்று. ஒரே குடும்பம் பல நாட்டுச் சட்டங்களின்கீழ் வாழும் நிலை தீவக மக்களின் அண்மைக்கால வரலாறு தந்த புதுச் சிக்கலாகும்.

கேட்க வேண்டிய வினாக்கள் பலவல்ல. யார் புதிதாக வாங்கினார்? எந்த ஆண்டில்? விபத்தில் அகப்பட்டதா? பட்டி, பூட்டு, உள்ளணை யாவும் மூலத்திலிருந்தவையா? விளக்க நூல் உண்டா? சிறு மோதல் என்று கூறப்படின் அதனையும் ஆராயலாம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகத்தின் விளக்கப்படி, வாகனத்தை அவ்விடத்திலிருந்து ஓட்டிச் செல்ல முடிந்திருக்க வேண்டும். ஆசனத்துக்கு அண்மையிலுள்ள கதவு பழுதுறாதிருக்க வேண்டும். எவரும் காயமடைந்திருக்கக் கூடாது. காற்றுப் பை விரிந்திருக்கக் கூடாது. ஆசனத்திற் கண்ணுக்குப் புலனாகும் பழுது இருக்கக் கூடாது. இவ்வைந்தும் ஒருங்கே பொருந்தினாலன்றி அது சிறு மோதல் ஆகாது. சில உற்பத்தியாளர் எத்தகைய மோதலின் பின்னரும் ஆசனத்தைக் கைவிடுமாறே கூறுகின்றனர். அவ்விடத்து விளக்க நூலின் சொல்லே முடிவானது.

இவ்வினாக்களுக்குத் தக்க விடை கிடைப்பின் ஆசனத்தை மகிழ்வோடு ஏற்கலாம். பழையது என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கிவிட்டு, புதியது வாங்க வசதியின்றிப் பிள்ளையை மடியில் வைத்துச் செல்வது பேதைமையாகும். விடை கிடையாதெனின் மறுத்தலே வேண்டும். மறுத்த ஆசனம் வேறொரு குடும்பத்தின் கையிற் போய்ச் சேராதவாறு பட்டிகளை வெட்டிக் கழித்துவிடுமாறு கொடுத்தவருக்கு எடுத்துரைப்பதும் கடமையாகும்.

தீவகத்தின் இன்றைய நிலை

இவ்வினா இன்று புலம்பெயர் நாடுகளோடு நின்றுவிடவில்லை. நயினை நாகபூஷணி அம்மன் ஆனி உற்சவத்துக்கும் கோடை விடுமுறைக்கும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருவோர், கட்டுநாயக்காவிலிருந்து வாடகை வானில் யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்கின்றனர். கொண்டுவரும் ஆசனத்தை ஊரிலுள்ள சகோதரனின் பிள்ளைக்கு விட்டுச் செல்வோரும் உளர். இலங்கையில் முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப் பட்டி அணிவது 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், பல பழைய வாகனங்களின் பின்னாசனத்திற் பட்டியே இல்லை. பட்டியோ பொருத்துகொளுவியோ இல்லாத வாகனத்தில் வைக்கப்படும் குழந்தை ஆசனம் வெறும் நாற்காலியே. மோதலின்போது அது குழந்தையோடு சேர்ந்து தூக்கியெறியப்படும். ஆகவே, கொடுப்பவர் ஆசனத்தின் வரலாற்றைச் சொல்வதோடு, பெறுபவரின் வாகனத்தில் அதனைக் கட்ட முடியுமா என்பதையும் பார்த்துக் கொடுத்தல் வேண்டும். குறிகட்டுவானிற் படகேறும்போது நிலைமை வேறு. தெருவிற் பிள்ளையைக் கட்டி வைப்பது காப்பு. கடலில் ஆசனத்தோடு கட்டிய பிள்ளை ஆபத்துக்குள்ளாகும். அங்கு ஆசனத்திலிருந்து பிள்ளையை எடுத்து உயிர்காப்பு அங்கி அணிவித்தலே தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வழிவந்த பொருளைக் குழந்தைக்கு ஏற்பது தீவக மக்களின் பழைய மரபு என்பதும், அம்மரபினுள்ளே சோதித்தறியும் வழக்கமும் உடனுறைந்தது என்பதும் புலனாகும். ஏணைத் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பேர்த்தியார் அச்சேலையைத் தந்தவரை ஐயுற்றாரல்லர். வள்ளத்தைக் கவிழ்த்துப் பார்த்தவரும் விற்றவரோடு பகை கொண்டாரல்லர். ஆசனம் தரும் உறவினரிடம் அதன் ஆண்டையும் விபத்தையும் கேட்பது இவ்வழக்கத்தின் தொடர்ச்சியேயாகும். கேட்பவர் தயங்குவதற்கு முன்னரே கொடுப்பவர் இவற்றைத் தாமே கூறிவிடுவாராயின் இரு பக்கத்தாருக்கும் மனக்குறை நேராது. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பாராது விடலாம்; பிள்ளையைத் தாங்கப்போகும் ஆசனத்தின் பல்லைப் பார்த்தே தீர வேண்டும்.